மூடியில் அடித்த எழுத்து

லிஃப்ட்காரர் தன் வாழ்நாளில் முழுசாகப் படித்து முடித்த புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அவர் கையால் தோல்சட்டை போட்டுக்கொண்ட புத்தகங்கள் பத்துப் பதினைந்து வீடுகளிலாவது இருக்கும். இதைச் சொல்லி அவர் மனைவி கிண்டல் செய்யாத நாள் இல்லை.

"நீச்சல் தெரியாத ஆளு ஊருக்கெல்லாம் நீச்சல் டிரஸ் தைச்சுக் கொடுக்கிற மாதிரி இருக்கு," என்பாள்.

"உள்ளே இருக்கிறதைப் பார்த்துக்க நீங்கள்லாம் இருக்கீங்க. வெளியில நான் பார்த்துக்கறேன்," என்பார் அவர். அசர மாட்டார்.

அவர் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. கையில் ஒரு இரும்புப் பெட்டியோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார். ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் ஒரு மோட்டார் அறை உண்டு. அங்கே ஆணியில் ஒரு பதிவுப் புத்தகம் தொங்கும். கிரீஸ் கறை படிந்து, மூலையெல்லாம் மடங்கி, பார்க்கவே பாவமாக இருக்கும். ஒருநாள் ஒரு அலுவலகத்தில் பழைய தோல் சோபாவைத் தூக்கி வாசலில் போட்டிருந்தார்கள். காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சோபாவின் முதுகுத் தோலை மட்டும் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பதிவுப் புத்தகத்துக்கு ஒரு உறை தைக்கலாம் என்று யோசனை.

தைத்தார். மூக்கு உடைந்தது. புத்தகத்தைத் திறந்து விரித்துவைத்து அளவெடுத்திருந்தார். உறையை மாட்டி மூடப் பார்த்தால் புத்தகம் மூட மாட்டேன் என்கிறது. மூடும்போது முதுகுப் பக்கம் வளைந்துகொள்ளத் தோல் கூடுதலாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கையைக் கழுவியிருப்பார்கள். இவருக்கோ பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேஜை அவருடையது. தோலை விரித்து, இரும்பு ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் வெட்டுவார். குத்தூசியால் ஒரே சீராகத் துளை போடுவார். மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விட்டு இழுப்பார். ஓரங்களைத் தண்ணீர் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவார். அந்த நேரத்தில் வீடே தீப்பற்றி எரிந்தாலும் அவர் காதில் ஏறாது. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது எழுத்து அடிப்பது. எழுத்து அச்சுகள் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். தோலை ஈரத் துணியால் ஒற்றி, அச்சை நிறுத்தி, மரச்சுத்தியலால் ஒரு போடு. கீழ்வீட்டு டீச்சர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டி எதிர்ப்புத் தெரிவிப்பார். அதற்குள் எழுத்து தோலில் உட்கார்ந்திருக்கும். அதன்பிறகு எந்தத் தண்ணீருக்கும் எந்தத் தேய்ப்புக்கும் அசையாது. பேனாவால் எழுதியதை அடிக்கலாம், பெயிண்டைச் சுரண்டலாம், தோலில் அடித்த எழுத்தை ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் அவருக்கு அதில் ருசி. இனிஷியலும் பெயரின் முதல் எழுத்தும் பதியாமல் எந்த உறையும் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. என்ன எழுத்து வேண்டும் என்று யாரையும் அவர் கேட்டதும் இல்லை. தெரிந்தவர்களுக்குத்தானே செய்கிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது?

வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். "இதை உபயோகிக்கவே மனசு வரல." குடும்ப டாக்டர் சொன்னார், மச்சான் சொன்னார், மகனுடைய மேனேஜர் சொன்னார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் இப்படிச் சொன்னால் அதை உபயோகிக்கப் போவதில்லை என்றுதான் அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். பாராட்டில் நனைந்துகொண்டிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்த நிலையில்தான் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள்.

குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். கண்ணாடி போட்ட ஒட்டகச்சிவிங்கி, தும்மலை அடக்கப் படாதபாடு படும் யானை, இப்படி. பேச்சு குறைவு. வரைந்த படங்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் திணித்துக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்குவாள். அந்த ஃபைலின் ஜிப் பாதியில் நின்றுவிடும். ஒருநாள் மழையில் ஃபைலைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அவள் ஓடிவந்ததைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை.

அதன்பிறகு அவர் வாங்கிய தோல் அதுவரை வாங்கியதிலேயே தடித்தது, உசத்தியானது. படம் மடங்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் கெட்டி அட்டை. அட்டை தெரியக்கூடாது என்று உள்ளே இன்னொரு தோல். மூலைக்கு மூலை பித்தளை. முன்னால் இரண்டு பக்கிள். பையின் வாயை மூடுகிற பெரிய மூடியின் நட்டநடுவில், இனிஷியலாகத் தன் மகன் பெயரின் முதல் எழுத்து. அதற்குப் பக்கத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து. அந்த இரண்டையும் அடித்த அன்று கீழ்வீட்டு டீச்சர் மேலேயே வந்துவிட்டார்.

பையைக் கொடுத்தபோது மருமகள் அதைத் தடவிப் பார்த்தாள். கண் விரிந்தது. "ரொம்ப அழகா இருக்கு மாமா," என்றாள். பொய் இல்லை. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. மூடியில் விரலை ஓட்டி, அந்த எழுத்துகளிடம் வந்ததும் அவள் விரல் நின்றது. ரசிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மனைவி அதை ஒரு கையால் தூக்கப் பார்த்து, பிறகு இரண்டு கையாலும் தூக்கினாள். "இதுக்கு ஒரு கதவும் ரெண்டு ஜன்னலும் வச்சா குடியே போயிடலாம்," என்றாள்.

மருமகள் அதை மூலையில் போட்டுவிடவில்லை. பதிப்பகத்துக்குப் போகிற நாளெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். லிஃப்ட்காரர் பால்கனியில் நின்று, அவள் தெரு திரும்புகிற வரைக்கும் பார்ப்பார். அவருக்கு அந்த ஒரு காட்சி போதும். தன் கையால் செய்த ஒன்று அலமாரியில் தூங்காமல் வேலைக்குப் போகிறது, வெயில் பட்டு, கை பட்டு நிறம் மாறப்போகிறது. இத்தனை வருஷத்தில் அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். வழியில் கண்டவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

பெருமை எங்கே உடைந்தது என்றால், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில். ஏதோ லிஃப்ட்டின் சான்றிதழை நகலெடுக்கப் போனவர், காகிதக் கட்டுகளின் மேல் அந்தப் பையைப் பார்த்தார். தூசி படாமல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஓரத்துத் தையலைப் பார்த்தாலே போதும், அடையாளம் கேட்க வேண்டியதில்லை.

"இது எப்படி இங்க?" என்றார்.

"உங்க மருமகதான் வச்சுட்டுப் போவாங்க அண்ணா," என்றார் ஜெராக்ஸ்காரர், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "காலையில வந்து படத்தை எல்லாம் பிளாஸ்டிக் ஃபைலுக்கு மாத்திப்பாங்க. சாயங்காலம் திரும்ப இதுல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்," என்று மென்று விழுங்கினார் லிஃப்ட்காரர்.

சான்றிதழை அங்கேயே மறந்துவிட்டு வெளியே வந்தார். அவமானமாக இருந்தது. கோபமும் இருந்தது, ஆனால் அதை யார்மேல் காட்டுவது? பிடிக்கவில்லை என்றால் மூலையில் போட்டிருக்கலாம். தினமும் தோளில் மாட்டிக்கொண்டு, தான் பால்கனியில் நிற்பது தெரிந்து, தெருமுனை வரைக்கும் நடந்து, இது என்ன நாடகம்? பிறகு மெல்ல உறைத்தது. அந்த நாடகமே தனக்காகத்தான்.

திரும்பக் கடைக்குள் போய்ப் பையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கியதுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். இத்தனை பேருக்குமேல் ஏறாதீர்கள் என்று லிஃப்ட் லிஃப்ட்டாகப் பலகை மாட்டுகிற மனுஷன், ஒரு பெண்ணின் தோள் எவ்வளவு தாங்கும் என்று யோசிக்காமல் போயிருக்கிறாரே! பாரம். வேறு என்ன? தலையில் அடித்துக்கொண்டார்.

சொல்லிவிட்டு வாங்கிச் சரிசெய்தால் அவள் கூனிக் குறுகிப் போவாள். அதனால் ஜெராக்ஸ்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டார். அவள் பையை வைத்துவிட்டுப் போகிற நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, கடையின் பின்னறையில் காகிதக் கட்டுமேல் உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் உள்தோலின் தையலைப் பிரித்து அட்டைகளை உருவிவிட்டுத் திரும்பத் தைத்தார். அடுத்த முறை பித்தளையும் ஒரு பக்கிளும் போயின. அதற்கடுத்த முறை உள்தோலையே எடுத்துவிட்டு, வெளித்தோலின் உட்புறத்தைக் கத்தியால் சீவிச் சீவி மெல்லிசாக்க ஆரம்பித்தார். தான் ஆசை ஆசையாகப் போட்ட தையலைத் தானே பிரிப்பது என்ன வேதனை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வேதனையோடு ஒரு குஷியும் இருந்தது. திருட்டுத்தனத்துக்கு உண்டான குஷி.

பை இப்படி வாராவாரம் இளைத்துக்கொண்டே போனால் அதைத் தூக்குகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இந்தச் சின்ன விஷயம் அவருக்கும் தோன்றவில்லை, கூட்டாளிக்கும் தோன்றவில்லை.

ஒரு மதியம் மருமகள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். பின்னறைக் கதவைத் திறந்தால், மாமனார் மடியெல்லாம் தோல் சீவலோடு, கையில் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் எழுந்திருக்கப் பார்த்து, காகிதக் கட்டு சரிந்து, திரும்ப உட்கார்ந்தார்.

"மாமா, நீங்களா?"

"பாரம்தானேம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார். "சரி, விடு. இப்ப தூக்கிப் பாரு. பூ மாதிரி இருக்கும்."

அவள் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சீவியிருந்த இடத்தையெல்லாம் தடவினாள். கண் கலங்கிவிட்டது. லிஃப்ட்காரருக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இனிமே கையோட எடுத்துட்டுப் போவேல்ல?"

அவள் பையைக் கீழே வைத்தாள். வெளியே மிஷின் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பாரம் இல்ல மாமா. பாரத்தை நான் எப்படியாவது தூக்கியிருப்பேன்."

"அப்புறம்?"

"முதல் தடவை இதை எடுத்துட்டுப் போனேன். அங்க படம் தேர்வு பண்றவங்க மூடியில இருக்கிற எழுத்தைப் பார்த்தாங்க. அப்புறம் படத்து ஓரத்துல இருக்கிற கையெழுத்தைப் பார்த்தாங்க. இனிஷியல் வேற வேற. 'இது யார் வரைஞ்ச படம்? நீங்க யாருக்காக எடுத்துட்டு வந்திருக்கீங்க?'ன்னு கேட்டாங்க."

"கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மாமா. சிரிச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் படத்தைச் சரியாப் பார்க்கல. அந்த யானைப் புத்தகத்துக்குப் படம் போடற வேலை வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "சின்ன வயசுலேருந்து எங்கப்பா இனிஷியலோடதான் கையெழுத்துப் போடறேன். வரைஞ்ச படம் எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. அதை மாத்தணும்னு எனக்குத் தோணல. உங்க மகனும் கேக்கல. நீங்க அவ்வளவு ஆசையா அடிச்சிருந்தீங்க. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

லிஃப்ட்காரர் உடனே மனம் இளகி, "அதனாலென்னம்மா" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. நம் வீட்டு எழுத்தில் என்ன குறை என்றுதான் அவருக்குத் தோன்றியது. கத்தியைப் பெட்டியில் போட்டார். சீவலைத் தட்டிவிட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தால், டீயைப் பார்ப்பார், அவளைப் பார்க்க மாட்டார். மகன் ஏதோ சமாதானம் சொல்லவந்து, பாதியில் விழுங்கிவிட்டுப் போனான். கடைசியில் மனைவியிடம் கொட்டினார். முப்பது வருஷமாக ஒரு தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊர்ச் சண்டையெல்லாம் கேட்டவள், தன் பக்கம்தான் பேசுவாள் என்று நிச்சயமாக நம்பினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

"நீயுமா? நீ மாத்திக்கலையா? உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "நான் மாத்திக்கல. நீங்கதான் மாத்தினீங்க. கல்யாணம் ஆன மறுவாரம் ஆபீஸுக்கு வந்து, பெரிய அதிகாரிகிட்ட நின்னு, இனிமே இவ பேரு இப்படித்தான்னு எழுதிக் கொடுத்தீங்க. சிரிச்ச முகமா கொடுத்தீங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"நீ ஒண்ணும் சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே."

சண்டையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அதனால்தான் அது அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்த ஆபீஸில் அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. தான் கட்டியிருந்த கைக்கடிகாரம்கூட நினைவிருந்தது, அவள் முகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் பையை எடுத்து வைத்து, மருமகளைக் கூப்பிட்டார். "உட்காரும்மா."

அடித்த எழுத்தை அழிக்க முடியாது. மூடியைத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தோலிலேயே நல்ல பாகம் அதுதான். ஒரு தழும்பு, ஒரு சுருக்கம் கிடையாது. தையலில் கத்தி முனையை வைத்து ஒவ்வொன்றாக அறுத்தார். மூடி தனியாக வந்தது. மிச்சமிருந்த தோலில் புது மூடி வெட்டி, துளை போட்டுத் தைத்தார். பிறகு ஈரத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுத்து அச்சுப் பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"என்ன எழுத்து அடிக்கட்டும்?" என்றார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். "எழுத்தே வேண்டாம் மாமா. வெறுமனே இருக்கட்டும். உள்ள ஒவ்வொரு படத்துலயும் என் கையெழுத்து இருக்கே."

அவருக்குக் கை துறுதுறுத்தது. இவ்வளவு நல்ல இடம் காலியாகக் கிடக்கிறதே என்று இருந்தது. இருந்தாலும் பெட்டியை மூடினார்.

மறுநாள் காலையில் அவள் கிளம்பியபோது அவர் பால்கனிக்குப் போகவில்லை. வேண்டுமென்றேதான். எங்கோ ஒரு மோட்டார் அறையில் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெராக்ஸ்காரர்.

"அண்ணா, பை நிக்காம போயிடுச்சு!" என்று கத்தினார். "நேரா பஸ்ல ஏறிடுச்சு!"

லிஃப்ட்காரர் எண்ணெய்க் கையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. அன்று மாலை அவள் மூன்று படங்களைப் பதிப்பகத்தில் பார்வைக்கு விட்டுவிட்டு வந்தாள். வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியாது என்றாள். சொல்லும்போதே பையைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டாள், வேறு எந்தப் பையையும் தொங்கவிடுகிற மாதிரி. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வார ஞாயிறு அவர் மேஜையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து ஒரு புத்தக உறையை எதிரே வைத்தாள். நூலக நாவல்களுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவர் அவளுக்கு முதன்முதலில் செய்து கொடுத்தது. மூலையில் இனிஷியலாக அவர் பெயரின் முதல் எழுத்தும், பக்கத்தில் அவள் எழுத்தும்.

"இதையும் பிரிச்சுடுங்க," என்றாள். "ஆனா எனக்கு வெறுமனே வேண்டாம். எழுத்து வேணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன எழுத்து?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். முன்னால் அவள் அப்பாவின் இனிஷியலோடு, முழுசாக, நிதானமாகச் சொன்னாள். கல்யாணப் பத்திரிகையில் படித்ததற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் கேள்விப்படவே இல்லை. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தவள், யாரோ புதிதாக வந்து நிற்பதுபோல எதிரே நின்றாள்.

ஒரு துண்டு நல்ல தோல் எடுத்து வெட்டினார். ஈரத் துணியால் ஒற்றினார். பெட்டியில் தேடி, அவள் சொன்ன எழுத்தை எடுத்துத் தோலின்மேல் நேராக நிறுத்தினார். சுத்தியலை ஓங்கினவர், அப்படியே நின்றார்.

"ஒரு தடவை அடிச்சா அப்புறம் மாத்த முடியாது," என்றார். "நல்லா யோசிச்சுக்கோ."

"முப்பது வருஷமா யோசிச்சாச்சு," என்றாள் அவள். "அடிங்க."